பூஞ்சையைத் துடைக்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் போன வாரம் என்னை லிஃப்டில் பிடித்து, "சார், மழைக்காலம் வருது, வீட்டுல பூஞ்சை பிடிக்கறதைப் பத்தி நீங்க பேசணும்" என்றார். நான் பி.காம். படித்தவன். 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. எனக்கு என்ன தகுதி என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை.

கீழ் வீட்டுச் சுவர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதம். எங்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர் வந்து கதவைத் தட்டினார். "அங்கிள், எங்க பாப்பா ரூம்ல சுவர் ஈரமா இருக்கு. மூலையில கறுப்பா பூசணம் பிடிச்சிருக்கு. உங்க பாத்ரூம்ல ஏதாவது லீக் இருக்கான்னு பார்க்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் எங்கள் பாத்ரூமை எட்டிப் பார்த்தேன். தரை நன்றாகத்தான் இருந்தது. குழாய் எதுவும் சொட்டவில்லை. "அது மழை ஓதம்மா. இந்த மாசத்துல எல்லா வீட்டுலயும் இருக்கும். நல்ல கம்பெனி பெயிண்டா பார்த்து ஒரு கோட்டிங் அடிச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களும் நம்பி 9,000 ரூபாய் செலவு செய்து, ஓதத்தைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்யும் ஒரு பெயிண்டை அடித்தார்கள்.

மார்ச் மாதம் மறுபடியும் வந்தார். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. கறுப்பு திரும்பி வந்துவிட்டது. மார்ச்சில் ஏது மழை? அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "சுவர் சரியா காயறதுக்கு முன்னாடி அடிச்சிருப்பாங்க" என்று பெயிண்டர் மேல் பழியைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், பாத்ரூமை உடைக்க வேண்டி வருமோ என்ற பயம்தான்.

மே மாதம் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தார். என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். ஈரம் எதுவரை பரவியிருக்கிறதோ, அந்த ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தார். ஏரியில் தண்ணீர் மட்டம் குறித்த மாதிரி வரிசையாகக் கோடுகள். நோட்டில் தினமும் ஒரு வரி. ஏப்ரலில் ஒரு வாரம் மட்டும் கோடு உள்நோக்கிச் சுருங்கியிருந்தது. அதற்கப்புறம் மறுபடி வெளியே விரிந்திருந்தது.

"அந்த வாரம் நீங்க எல்லாரும் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தீங்க அங்கிள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

34 வருஷம் நாள் முடிவில் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போகாதவன் நான். எதிரே இருந்த கணக்கு நேராகிவிட்டது. தண்ணீர் என் வீட்டுத் தண்ணீர். அந்த ஆறு மாதமும் அவர்களுடைய ஐந்து வயதுக் குழந்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். இரவெல்லாம் இருமல். மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிளம்பர் வந்து, தரையில் தண்ணீர் வெளியேறும் இடத்தை அடைத்து, நீலம் கரைத்த தண்ணீரை ஓர் அங்குல உயரத்துக்குத் தேக்கி வைத்தார். மறுநாள் கீழ் வீட்டுச் சுவரில் லேசாக நீலம் தெரிந்தது. தரைக்கடியில் இருக்கும் நஹானி ட்ராப்பைச் சுற்றி இணைப்பு விட்டுப்போயிருந்தது. மேலே டைல்ஸ் பளபளவென்றிருக்க, நாங்கள் குளிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. சரிசெய்ய மூன்று நாளும் 11,500 ரூபாயும் ஆயிற்று. இதற்காகத்தான் ஆறு மாதம் தட்டிக்கழித்தேன்.

நான் இன்று சொல்ல வந்தது அடிப்படையில் ஒரே விஷயம்தான். பூஞ்சை என்பது தண்ணீர் இருக்கிறது என்பதற்கான ரசீது. ரசீதைக் கிழித்துப் போட்டால் கடன் தீராது. முதலில் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பூஞ்சையை, நமக்கு ஆபத்து வராத முறையில் எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், பூஞ்சையும் போகாது.

பூஞ்சை ஏன் வருகிறது?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. எந்த மருந்து அடித்தாலும் வீட்டிலிருந்து அவற்றை முழுக்க ஒழிக்க முடியாது. ஒழிக்க வேண்டியதும் இல்லை. அவை முளைக்க ஈரம் வேண்டும். சாப்பாட்டுக்குத் தூசி, சோப்புப் படிவு, பெயிண்ட், பிளைவுட், காகிதம், துணி என்று எதுவும் போதும். நம் ஊரின் சூடும் அதற்குத் தோதானது. இவற்றில் நாம் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. இந்த 48 மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்தாலும், வாஷிங் மெஷின் குழாய் கழன்றாலும், கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள். சென்னையில் மழை மாதங்களில் வெளிக்காற்றிலேயே 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் நம் வீடுகளில் கொஞ்சம் பூஞ்சை எட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "அவங்க வீடு சுத்தமா இருக்காது போல" என்று யாரையும் பேசாதீர்கள். அப்படிப் பேசுவார்களோ என்று பயந்துதான் பலர் பீரோவை நகர்த்தி வைத்து மறைக்கிறார்கள். மறைத்த இடத்தில் காற்று படாமல் இன்னும் அதிகமாக வளர்கிறது.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பது

கீழ் வீட்டார் செய்ததையே எல்லோரும் செய்யலாம். ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். இரண்டு மூன்று வாரம் குறித்து வையுங்கள். ஈரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது?

மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் கூடினால், வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம், சன்ஷேட், மொட்டை மாடித் தளம் இவற்றைப் பாருங்கள். மேல் மாடி வீடுகளில் கூரை மூலை ஊறினால் முதல் சந்தேகம் மொட்டை மாடியின் மேல்தான்.

மழை இல்லாமலே, வீட்டில் ஆள் இருக்கும்போது கூடி, ஊருக்குப் போனால் குறைந்தால், அது குளியலறைத் தரையோ கழிவுநீர்க் குழாயோ. என் கதை இதுதான்.

யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஈரமாகவே இருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் ஊசித் துளை போதும்.

தரைத்தள வீடுகளில் சுவரின் அடியிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை மட்டும் ஓதம் ஏறும். அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அங்கே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று அவசரப்படாதீர்கள். சுவரில் உப்பு பூப்பதும் அப்படித்தான் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பாக இருந்தால் கரைந்துவிடும். பூஞ்சை கரையாது.

இது எதுவும் இல்லாமல் பீரோவுக்குப் பின்னால், அலமாரிக்குள், ஏசி அறை மூலையில் மட்டும் வந்தால், காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணமாக இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிறது பாருங்கள், அதே மாதிரி குளிர்ந்த சுவரும் வியர்க்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே, சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம். முதலாவதற்கு பிளம்பரோ மேஸ்திரியோ வேண்டும். இரண்டாவதற்கு உங்கள் பழக்கங்கள் மாறினால் போதும்.

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல், உள்பக்கச் சுவரில் மட்டும் பெயிண்டோ பட்டியோ பூசாதீர்கள். ஈரமான சுவரில் எந்தப் பூச்சும் ஒட்டாது. கசிவை நிறுத்திய பிறகும் சுவர் காய வாரங்கள் ஆகும். சில சமயம் ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

முன்பெல்லாம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். மழை மாதங்கள் முடிந்து வரும் பண்டிகை அது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. ஈரமும் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். இன்று நாம் அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. அதனால்தான் கொப்புளம் போடுகிறது. எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட் என்ற அந்த ஒழுங்கையாவது காப்பாற்றலாம்.

என் உயிரோடு விளையாடிய இரண்டு பக்கெட்

இனி சுத்தம் செய்வது. இங்கேயும் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கீழ் வீட்டு விவகாரம் முடிந்ததும் எனக்குத் திடீரென்று ஞானோதயம். எங்கள் பாத்ரூம் சுவரில் இருந்த கறுப்பையும் ஒரேயடியாக ஒழித்துவிடுவது என்று இறங்கினேன். ஒரு பக்கெட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரெல்லாம் ஊற்றினேன். போதாது என்று தோன்றியது. இன்னொரு பக்கெட்டில் பாத்ரூம் ஆசிட் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்பது என் கணக்கு. வாடை ஹாலுக்கு வரக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டேன்.

ஊற்றிய நொடியில் தொண்டையில் யாரோ மிளகாய்ப் பொடியை அப்பிய மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. மூச்சு இழுத்தால் இருமல், இருமினால் மூச்சு இல்லை. தாழ்ப்பாள் எங்கே என்று தடவுகிறேன், கைக்கு அகப்படவில்லை. சத்தம் கேட்டு என் மனைவி வெளியிலிருந்து கதவைத் தள்ளித் திறந்து என்னைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள். அன்று சாயங்காலம் வரை மார்பு எரிந்தது.

பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915இல், போர்க்களத்தில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. அதை நான் என் வீட்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தயாரித்திருக்கிறேன். ஆகவே தயவுசெய்து கேளுங்கள்:

பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவத்தோடு ஆசிட், கழிவறை கழுவும் திரவம், வினிகர், எலுமிச்சை எதையும் சேர்க்கக் கூடாது. அம்மோனியா உள்ள க்ளீனரையும் சேர்க்கக் கூடாது, அதிலிருந்தும் நச்சு வாயு வரும். ஒன்றை ஊற்றிக் கழுவிய கையோடு இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம்தான். தவறிக் கலந்துவிட்டால், துடைக்க நிற்காதீர்கள். உடனே வெளியே நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இவ்வளவு ஆபத்தான வேலைக்கு அவசியமே இல்லை. பெரும்பாலான இடங்களுக்குச் சாதாரண சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கொடுக்கும். ஆகவே அதைக் கொல்வதைவிட, தேய்த்து அகற்றுவதுதான் முக்கியம்.

சுத்தம் செய்யும் முறை

மூன்று அடிக்கு மூன்று அடி அளவுக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால், சாக்கடைத் தண்ணீரால் வந்திருந்தால், ஏசியின் உள்ளே பரவியிருந்தால், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் என்-95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய துணி மாஸ்க் இதற்கு உதவாது. வெளி ஜன்னலைத் திறந்து வையுங்கள். மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணையுங்கள், இல்லாவிட்டால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும்.

காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. விளக்குமாறு, உலர்ந்த பிரஷ் எதுவும் வேண்டாம். முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, அப்புறம் தேயுங்கள். துடைத்த துணியைப் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கடைசியில் சுத்தத் தண்ணீரில் துடைத்து, ஃபேன் போட்டு முழுக்கக் காய வையுங்கள். காய வைக்காவிட்டால் செய்தது அத்தனையும் வீண்.

டைல்ஸில் கறை போகவில்லை, பிளீச் திரவம் வேண்டும் என்றால், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். தனியாக, வேறு எதுவும் சேர்க்காமல்.

டைல்ஸ், கண்ணாடி, எவர்சில்வர், பெயிண்ட் அடித்த கெட்டியான சுவர் இவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம். பஞ்சு மெத்தை, தலையணை, பார்ட்டிகிள் போர்டு அலமாரி, ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இவற்றுக்குள் பூஞ்சை ஊடுருவிவிடும். மேலே துடைத்தாலும் உள்ளே இருக்கும். மனசு வராதுதான், தூக்கிப் போடத்தான் வேண்டும். துணிகளைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வைத்தால் போதும். பத்திரம், பாஸ்புக், சான்றிதழ்களைச் சுவரோரம் பரணில் வைக்காதீர்கள். பத்திரம் பூசணம் பிடித்து, எழுத்து தெரியாமல், கவுன்டரில் நின்று அழுதவர்களை என் வேலை நாட்களில் பார்த்திருக்கிறேன்.

யார் செய்யக் கூடாது என்பதும் முக்கியம். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சுத்தம் செய்யும்போது அந்த அறைப் பக்கமும் வர வேண்டாம். குழந்தைகளும் அப்படித்தான்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், "அந்த மூலையைக் கொஞ்சம் துடைச்சிடும்மா" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவருக்கும் நுரையீரல்தான் இருக்கிறது. நமக்குத் தேவையான மாஸ்க்கும் கையுறையும் அவருக்கும் தேவை. அவற்றை வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் அந்த வேலையைச் சொல்லக் கூடாது.

பயம் எவ்வளவு, கவனம் எவ்வளவு

2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது "கருப்புப் பூஞ்சை" என்ற பெயர் எல்லோரையும் பயமுறுத்தியது. அது மியூகோர்மைகோசிஸ் என்ற நோய். அதிகமும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் தாக்கியது. சுவரில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அந்த நோய் அல்ல. பூஞ்சையின் நிறத்தை வைத்து ஆபத்தை அளவிட முடியாது. என்ன வகை என்று காசு கொடுத்துச் சோதிப்பதும் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. எந்த நிறமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அதற்காக அலட்சியமும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரம், பூஞ்சை பற்றித் தனியாக வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. ஈரம் பிடித்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும், ஆஸ்துமா அதிகமாவதும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்கிறது அது. வீட்டில் யாருக்காவது விடாத இருமல், தும்மல், இளைப்பு இருந்தால், வெளியூர் போனால் குறைகிறதா என்று கவனித்து, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சுவருக்குப் போட்ட நோட்டு உடம்புக்கும் உதவும்.

கீழ் வீட்டுக் குழந்தைக்குச் சுவர் காய்ந்த பிறகு இருமல் குறைந்தது. சுவரால்தான் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவள் ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அன்றாடம் செய்யக்கூடியவை

குளித்து முடித்ததும் வைப்பரால் தரையையும் சுவரையும் இழுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் 20, 30 நிமிஷம் ஓடவிடுங்கள். மின்சாரக் கட்டணம் பார்த்து உடனே அணைத்தால் பெயிண்ட் செலவாக வந்து நிற்கும்.

பீரோ, கட்டில், அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஒரே அறையில் போட்டு, அதன் கதவைச் சாத்தி, ஜன்னலையும் ஃபேனையும் திறந்துவிடுங்கள்.

ஏசியை 18இல் வைத்து அறையை ஐஸ் பெட்டி ஆக்க வேண்டாம். 24க்கு மேல் வைத்தால் சுவர் வியர்ப்பது குறையும். மழை நாட்களில் 'டிரை' என்ற நிலையில் ஓட்டினால் காற்றின் ஈரம் இறங்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஏசியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் பக்கத்து வீட்டுச் சுவரில் சொட்டுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பீரோவில் போடும் நாப்தலின் உருண்டை பூச்சிக்குத்தான். ஈரத்தை அது உறிஞ்சாது. கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் கையில் பட்டால் எரிச்சல் தரும்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்

முதலாவது, அக்டோபர் பிறப்பதற்குள் மொட்டை மாடியை ஒரு முழு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட வேண்டும். மழைநீர்க் குழாய்களின் வாயில் இலைதழை அடைத்திருக்கிறதா, தளத்தில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, வெளிச்சுவரில் விரிசல் எங்கே, டக்ட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். நானும் உடன் வருகிறேன். படி ஏற முடியும் வரை ஏறுவேன்.

இரண்டாவது, ஓதத்துக்கென்று அலுவலகத்தில் ஒரு பதிவேடு. எந்த வீடு, எந்தச் சுவர், எந்தத் தேதி, போட்டோ உண்டா என்று நாலு கட்டம். யாருடைய தண்ணீர் என்று தெரிவதற்கு முன்பே யார் செலவு என்று சண்டை போடுகிறோம். பதிவேடு இருந்தால் முதல் கேள்விக்கு முதலில் பதில் கிடைக்கும். இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, நீலத் தண்ணீர்ச் சோதனையைச் சங்கமே நடத்தட்டும். மேல் வீட்டுக்காரர் கெட்டவர் என்றோ கீழ் வீட்டுக்காரர் வம்புக்காரர் என்றோ சொல்ல வேண்டிய அவசியம் வராது.

உங்கள் கதவை யாராவது தட்டி, "சுவர் ஈரமா இருக்கு" என்று சொன்னால், "மழை ஓதம்" என்று சொல்லாதீர்கள். "வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். நான் அந்த நவம்பரில் அதைச் சொல்லியிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. கீழ் வீட்டார் வீணாகச் செலவழித்த அந்த 9,000 ரூபாயை நான் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "இருக்கட்டும் அங்கிள், பாப்பாவுக்கு நீங்க கணக்கு சொல்லிக் கொடுங்க" என்றார். இப்போது சனி, ஞாயிறு சாயங்காலம் அவள் மேலே வருகிறாள். கூட்டல் நன்றாக வருகிறது. கடன் வாங்கிக் கழித்தலில்தான் கொஞ்சம் தகராறு. நானும் அவளும் அதில் ஒரே வகுப்புதான். என் பெயரில் நிற்கும் பாக்கியில் இந்தப் பேச்சை ஒரு தவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.